மேற்கே பார்த்து நிற்கும் ஜீப்

எனக்குக் கடல் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். மலேசியாவில் எங்கள் ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள்தான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காரெடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். ஐம்பத்திரண்டு வயது வரை எனக்கு அப்படி ஓர் ஆசை வந்ததே இல்லை.

என் பிழைப்பு சேற்றோடு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளைப் பழுது பார்ப்பவன். செம்பனைத் தோட்டத்து மண் பாதைகளில் சிக்கிக் கிடக்கும் வண்டிகளை இருபத்தெட்டு வருடமாக எழுப்பி நடக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எங்கள் வட்டாரத் தமிழர் சங்கத்தில் அந்தப் பேச்சு வந்தபோது எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

பேச்சு இதுதான். சுனாமிக்குப் பிறகு எங்கள் சங்கம், காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேடு என்ற மீனவ ஊருக்கு ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கிக் கொடுத்திருந்தது. அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைகளுக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே நல்ல மணல். ஐஸ் பெட்டி ஏற்றவும், படகு எஞ்சின் இறக்கவும், அவசரத்துக்கு ஆளை ஏற்றிப் போகவும் மணலில் ஓடும் வண்டி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மழைக்காலம் முழுக்க ஜீப் சிட்டாய்ப் பறந்தது. தை பிறந்து மணல் காய்ந்ததும் வண்டி மக்கர் செய்தது. முன் சக்கரம் இழுக்கவில்லை, பின் சக்கரம் மட்டும் குழி தோண்டுகிறது என்று போன் வந்தது. அங்கே டவுன் மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் நடுப்பெட்டி போய்விட்டது என்று சொல்லிவிட்டாராம். நான் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றார் தலைவர். கடற்கரையாச்சே என்று முனகினேன். அது யார் காதிலும் விழவில்லை.

காரைக்காலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்குப் பாதி உயிர்தான் இருந்தது. எங்கள் ஊரில் ஹார்ன் அடித்தால் சண்டை வரும். இந்த ஓட்டுநர் ஹார்னிலிருந்து கையை எடுத்த சமயங்களில்தான் எனக்குப் பயமே வந்தது. வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் தூங்கி விழுகிறேன் என்று நினைத்துத் தோளில் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே வந்தார்.

பஸ் நிலையத்தில் குமரவேல் காத்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். ஃபைபர் படகுகளில் விரிசல் விட்ட இடங்களை ஒட்டிச் சரிசெய்வது அவன் தொழில். ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான் என்பதால் ஜீப் அவன் பொறுப்பு. "வாங்கண்ணே, பயணமெல்லாம் நல்லாருந்துச்சா" என்று என் கருவிப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அந்தப் பையைத் தரையிலிருந்து தூக்கவே எனக்கு இரண்டு கை வேண்டும்.

நாலு பேர் தள்ளி மணலைத் தாண்டவைத்துக் கொண்டுவந்திருந்த ஜீப் வெளியே நின்றது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. படகுக்கு அடிக்கும் நீலத்தையே அடித்து, பக்கவாட்டில் மஞ்சள் கோடு போட்டு, முகப்பில் மாரியம்மன் துணை என்று எழுதியிருந்தார்கள். முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் மூடிகள்கூட மொழுமொழுவென்று நீலம். படகுக்குச் செய்யும் அலங்காரத்தையெல்லாம் இதற்கும் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

தங்கியது டவுனில் ஒரு சின்ன விடுதி. நடத்துபவர் பெயர் சவரிமுத்து. மாடியில் அறை வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். இப்போது எல்லாருமே மாடிதான் கேட்கிறார்கள், கீழ் அறைகளில் அரிசி மூட்டை போட்டு வைத்திருக்கிறேன் என்றார் அவர். வரவேற்பறைத் தொலைபேசியில் ஒரு பெரியவர் பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம். மகன் பாரிஸில். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். சவரிமுத்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு மொழிபெயர்த்தார்: "கட்டிலையும் மாடிக்கு ஏத்திட்டேன், நீ நிம்மதியா தூங்குன்னு சொல்றாரு." எனக்கு அன்றிரவு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. மின்விசிறிச் சத்தம்கூட அலையாகவே கேட்டது.

மறுநாள் காலை பரோட்டாவும் சால்னாவும். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு அண்ணன் தம்பி உறவு, காரத்தில் மட்டும் பெரியப்பா. "பசியாறிட்டீங்களா" என்று குமரவேலைக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, ஒரு ஆளைப் பேச்சை வைத்தே எந்தக் கரை என்று கண்டுபிடித்துவிடலாம் என்றான்.

கிளிஞ்சல்மேட்டில் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஜீப் ஊர்ப் பொதுச் சொத்து. ஐந்து பேர் ஒரு கூரை நிழலில் வலைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். என்ன ரிப்பேர், எத்தனை நாள் என்று கேட்டார்கள். பெட்டியைப் பிரிக்க வேண்டும், மூன்று நாளாவது ஆகும் என்றேன். அவர்களில் மூத்தவர், "நீங்க பிரிச்சுப் போட்டுருக்கையில அது வந்துட்டா?" என்றார்.

அங்கே யாரும் சுனாமி என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்கவில்லை. 'அது', 'அன்னிக்கு', அவ்வளவுதான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். வண்டியை ஊரிலேயே வைத்து, காலையில் எதைக் கழற்றினாலும் பொழுது சாய்வதற்குள் மாட்டி, வண்டியை ஓட்டிக் காட்டிவிட வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் எனக்கு இப்படி ஒரு கெடு வைத்ததில்லை.

ஜீப் குமரவேலின் கொட்டகை வாசலில்தான் எப்போதும் நிற்கும், மூக்கு மேற்கே சாலையைப் பார்த்தபடி. கொண்டுவந்து நிறுத்தும்போது முன்னும் பின்னுமாக நான்கு தடவை ஒடித்து அப்படித் திருப்பிவிட்டுத்தான் இறங்குவான். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கொட்டகைக்குள்ளிருந்து அவன் மனைவி அஞ்சலை தண்ணீர்ச் செம்போடு வந்தாள். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. மூங்கில் கம்பை ஊன்றி, மணலில் ஓர் அடி வைக்கவே உடம்பை ஒரு முறை சுற்ற வேண்டியிருந்தது அவளுக்கு. அதன் பிறகு நான் கேட்கவில்லை. என்ன சத்தம் கேட்டாலும் எதையும் பார்க்காதே, நேரே வண்டியில் போய் ஏறிக்கொள் என்று அவன் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தான். அதை அவளே பிறகு சொன்னாள்.

வேலைக்கு வருகிறேன். ஓட்டுநர் காலடியில் இருக்கும் சின்னக் கியரைப் போட்டால் சுலபமாக விழுந்தது. நான்கு சக்கரத்துக்கான விளக்கும் எரிந்தது. மணலில் இறக்கினால் பின் சக்கரம் மட்டும் சுற்றியது. மணலில் புதைந்து உறுமும் வண்டிக்குக் கீழே தலையை நீட்டிப் பார்க்கும் முட்டாள் எங்கள் தொழிலில் கிடையாது. ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்றால் பலகையோடு சேர்ந்து ஜாக்கியும் மணலுக்குள் போனது. ஆகவே டவுன் மெக்கானிக் சொன்னதை நம்பி நடுப்பெட்டியைத் திறந்தேன். தார்ப்பாய் விரித்து, மணல் விழாமல் குமரவேல் ஒரு பக்கம் பாய்மரத் துணியைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு பல்லாகத் துடைத்துப் பார்த்தேன். எல்லாம் புத்தம் புதிது போல இருந்தன. தேய்மானம் இல்லை, உடைசல் இல்லை. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

மதியம் அஞ்சலை சங்கரா மீன் குழம்பு ஊற்றினாள், மாங்காய் போட்டது. அந்த ஊர்க் குழம்புக்காகவே இன்னொரு முறை போகலாம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் போகமாட்டேன். சாப்பிடும்போது அவள் கேட்டாள்: "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இந்த வண்டி மணல்ல ஏறுமா?"

ஏறும் என்றேன். எனக்கே தெரியாது.

கெடு வைத்தபடி சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டினேன். கடைசி நட்டு இரண்டு தடவை கை நழுவி விழுந்தது. வெயில் ஒரு காரணம். முதுகுக்குப் பின்னால் விடாமல் கேட்ட அந்தச் சத்தம் இன்னொரு காரணம். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய சித்திரவதை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அங்கே இருந்தவர்களும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கடலை அப்படி ஓரக்கண்ணால் பார்ப்பதைப் பார்த்ததும் என் பயம் இரட்டிப்பானது.

மூன்றாம் நாள். இரவெல்லாம் யோசித்து, கோளாறு முன் அச்சுக்குள் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். பிரிப்பதற்கு முன் ஒரு கடைசிச் சோதனை. நல்ல இளக்கமான மணலில் இறக்கி, முன் பக்கம் துளியாவது இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மணல் கொட்டகைக்குக் கிழக்கே, ஒரு சின்ன மேட்டைத் தாண்டிக் கடல் பக்கம் இருந்தது. குமரவேல் தயங்கினான். வண்டி வாசலை விட்டு அந்தப் பக்கம் போவதில்லை என்றான். நான்தான் பிடிவாதமாக, ஐந்து நிமிட வேலை என்று சொல்லி அறுபது எழுபது அடி தள்ளி இறக்கச் சொன்னேன். இறங்கிய வேகத்தில் வட்டமடித்து மூக்கை மேற்கே திருப்பினான். திருப்பிய இடத்திலேயே பின் சக்கரம் புதைந்தது.

அப்போதுதான் தெற்குப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. தண்ணீர் உள்வாங்குகிறது என்று யாரோ கூவினார்கள். ஒரே ஒரு குரல். அடுத்த நொடி மொத்தக் கரையும் எழுந்தது. மீன் கூடைகள் அப்படியே கிடந்தன. பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். யாரும் அலறவில்லை. ஓடும் கால்கள் மணலில் எழுப்பும் பொத்பொத்தென்ற சத்தம் மட்டும் கேட்டது.

எல்லாரும் மேற்கே ஓடும்போது ஒரே ஓர் ஆள் கிழக்கே வந்துகொண்டிருந்தாள். அஞ்சலை. எதையும் பார்க்காதே, நேரே வண்டிக்குப் போ என்று புருஷன் சொன்னதை அப்படியே செய்தாள். வண்டி அன்றைக்குக் கடல் பக்கம் நின்றது. அங்கே நிறுத்த வைத்தவன் நான். கம்பை ஊன்றி, உடம்பைச் சுற்றி, ஊன்றி, சுற்றி, அந்த மணலில் கடலை நோக்கி வந்து ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

குமரவேல் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். பின் சக்கரம் இன்னும் ஆழமாகப் போனது. அவன் குதித்து இறங்கி அவளை முதுகில் ஏறச் சொன்னான். அவள் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். அவன் இழுத்துப் பார்த்தான். விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. திரும்ப ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

நான் என்ன செய்தேன்? ஓடினேன்.

இதை அலங்காரம் செய்து சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. உதவிக்கு ஆள் கூப்பிட ஓடவில்லை. உயிருக்குப் பயந்து ஓடினேன். ஒரு கால் செருப்பு எங்கேயோ போனது. கொட்டகைகளைத் தாண்டி, சாலையோரப் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் மூச்சு வந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் தாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு பேர் அந்தக் குரல் வந்த தெற்குப் பக்கத்திலிருந்து சாலை வழியே நிதானமாக நடந்து வந்தார்கள். ஒருவர் காதில் செல்போன். ஒன்றுமில்லை, தண்ணீர் வற்றும் நேரம், அதைப் பார்த்து எவனோ கூவிவிட்டான் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஓடி வந்தவர்கள் அங்கங்கே அப்படியே உட்கார்ந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் இருந்தது தன் பிள்ளை இல்லை, பக்கத்துக் கொட்டகைப் பிள்ளை என்பதை அப்போதுதான் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அதன் தாயைத் தேடிக்கொண்டு நடந்தாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் குமரவேலுக்கு எதுவும் கேட்டிருக்காது. யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நான் போனேன். ஒற்றைச் செருப்போடு அந்த மணலில் திரும்பி நடந்ததுபோல் என் வாழ்நாளில் எந்தத் தூரத்தையும் நடந்ததில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் எதிரே நிற்பது என்று தெரியவில்லை. வண்டிக்கு இருபது அடி முன்னால் நின்றுவிட்டேன். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தேன்.

குனிந்த கண்ணுக்கு நேரே ஜீப்பின் அடிவயிறு. அங்கே முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் கண்மண் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. முன் சக்கரங்கள் இரண்டும் கல் மாதிரி நின்றன.

அப்படியானால் நடுப்பெட்டி நன்றாக வேலை செய்கிறது. சக்தி முன்னால் வந்துவிட்டது. சக்கரத்துக்குப் போய்ச் சேரும் கடைசி இடத்தில்தான் அறுந்திருக்கிறது. இரண்டு சக்கரத்திலும் ஒரே மாதிரி. என் கண் அந்த மொழுமொழு நீல மூடிகளில் போய் நின்றது.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். ஒன்றுமில்லையாம், வெறும் வற்றுதானாம் என்றேன். குமரவேல் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அஞ்சலை கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் முன் சக்கரத்தைக் காட்டி, இந்த மூடி யார் போட்டது என்று கேட்டேன்.

"நான்தாண்ணே போட்டேன்" என்றான். "அதுல நடுவுல ஒரு திருகு மாதிரி பள்ளம் இருந்துச்சு. உப்புத் தண்ணி உள்ள போயிடும்னு ஃபைபர் வச்சு ரெசின் ஊத்தி அடைச்சுட்டேன். படகுக்கு அப்படித்தான அடைப்போம்?"

அந்தத் திருகுதான் எல்லாம். இந்த மாதிரிப் பழைய ஜீப்புகளில் முன் சக்கரத்தை அச்சோடு பூட்டுவதும் விடுவிப்பதும் அந்தத் திருகுதான். கையால் திருப்ப வேண்டும். விற்றவர் விடுவித்த நிலையில் வைத்துக் கொடுத்திருக்கிறார், எழுத்துகள் அழிந்து போயிருக்கின்றன, இவன் அப்படியே வைத்து மூடிவிட்டான். மழையில் இறுகிய மணலில் பின் சக்கரம் மட்டுமே போதுமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. திருகே இல்லாத மூடி போட்ட ஜீப்புகளும் உண்டு, இதுவும் அப்படி ஒன்று என்று நான் எடுத்துக்கொண்டேன். அவன் தெரியாமல் செய்தான். இருபத்தெட்டு வருட மெக்கானிக் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கவில்லை.

உளியும் சுத்தியலும் எடுத்து உடைத்தோம். நல்ல கைவேலை, லேசில் வரவில்லை. உள்ளே பள்ளம் பளபளவென்றிருந்தது, ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போகவில்லை. இரண்டு பக்கமும் திருகைத் திருப்பினேன். பின் சக்கரத்துக்கு முன்னால் மணலை வழித்து, குமரவேல் மெல்ல கிளட்சை விட்டான். வண்டி அரையடி அசைந்ததும் முன்னால் டக்கென்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. முன் சக்கரங்கள் மணலைக் கவ்வின. அஞ்சலையோடு ஜீப் மேட்டில் ஏறி வாசலில் போய் நின்றது. நான் பின்னால் நடந்து போனேன். ஏறிக்கொள்ளுங்கள் என்று அவன் கூப்பிட்டும் ஏறவில்லை.

நான்காம் நாள் காலை புறப்பட வேண்டும். குமரவேல் ரெசின் டப்பாவோடு சக்கரத்தின் அருகே உட்கார்ந்திருந்தான். மறுபடி அடைத்துவிடலாமா என்று கேட்டான். வேறு எவனாவது கேட்டிருந்தால் வைதிருப்பேன். எப்போதும் பூட்டியே இருந்தால் டீசல் கொஞ்சம் கூடப் போகும், முன் பக்கம் கொஞ்சம் சீக்கிரம் தேயும். அவ்வளவுதான். அந்த வாசலில் நிற்கும் வண்டிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. இரண்டு திருகும் பூட்டிய நிலையில் இருக்கின்றனவா என்று நானே தடவிப் பார்த்துவிட்டு, ஒட்டச் சொன்னேன்.

அஞ்சலை நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை என் பையில் வைத்தாள். முந்தின நாளிலிருந்து நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, என்னை மன்னிச்சுடும்மா என்றேன். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே பேசினாள்.

"எதுக்குண்ணே? அன்னிக்கு எங்க மாமியா என்னை முதுகுல தூக்கிக்கிட்டு ஓடப் பாத்தாங்க. விட்டுட்டுப் போங்கன்னேன், கேக்கல. நான் சவுக்கு மரத்துல மாட்டிக்கிட்டேன், அவங்களக் காணல. தனியா ஓடியிருந்தா இருந்திருப்பாங்க. அதுலேருந்து யாரு முதுகுலயும் ஏறுறதில்லன்னு இருக்கேன். நேத்து நீங்க திரும்பிப் பாக்காம ஓடுனீங்க பாருங்க, அதப் பாத்து எனக்கு நிம்மதியாதான் இருந்துச்சு."

அவள் சொன்னது குமரவேலின் அம்மாவைப் பற்றி. அவன் எழுந்திருக்கவில்லை. ரெசின் காய்ந்துவிட்டதா என்று அந்த மூடியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.